சேற்று வளையில் வாழும் மீனின் பெயர் வரலாறு

நீரை விட்டு நீங்கினால் மீனுக்கு வாழ்வில்லை என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குப் புறம்பாக வாழும் மீன்கள் மலேசிய, சிங்கப்பூர்க் கடலோரங்களில் ஏராளமாக உள்ளன. கடல் வற்றிப் பாக்காவ் மரங்களின் வேர்கள் வெளித் தெரியும் வேளையில், ஈரச் சேற்றின்மீது விரலளவேயான மீன்கள் ஓடுவதையும், தாவுவதையும், ஆள் அரவம் கேட்டவுடன் சேற்று வளைகளுக்குள் மறைவதையும் காணலாம். அவற்றின் கண்கள் இரண்டும் தலையின் உச்சியில் புடைத்து நிற்கும். மலாய் மக்கள் இம்மீன்களைப் பெலாச்சாக் என்றும் தெம்பாக்குல் என்றும் பெலோடோக் என்றும் அழைக்கின்றனர். தமிழர் உளுவை என்று வழங்கும் மீன் கூட்டத்தைச் சேர்ந்தவை இவை. சேற்றில் தாவித் திரிவதால் இவற்றைச் சேற்று உளுவை என்று கூறுவது பொருந்தும்.

சிறு பிள்ளையும் சுட்டிக் காட்டக்கூடிய மீன் இது. எனினும், ஒரே கரையில் ஓடித் திரியும் இம்மீன்கள் ஓரினத்தைச் சேர்ந்தனவா, பல இனங்களைச் சேர்ந்தனவா, பல இனங்கள் எனின் ஒவ்வொன்றுக்கும் உரிய பெயர் யாது என்னும் வினாக்களுக்கு விடை காண அறிவியலாளர்க்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. அவ்வரலாறு படிப்பினை மிக்கது.

முதலில் ஓர் ஐயத்தைக் களைந்துவிடுவது நலம். தரையில் நடக்கும் மீன் என்றதும் தமிழர் பலருக்குப் பனையேறிக் கெண்டையே நினைவுக்கு வரும். தரங்கம்பாடியில் டேனிஷ் படையில் பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் அதிகாரி, 1791ஆம் ஆண்டு ஒரு பனைமரத்தில் அம்மீன் ஏறியதைக் கண்டதாக எழுதிய குறிப்பு, 1797ஆம் ஆண்டு இலண்டன் லின்னேயஸ் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அது குளம் குட்டைகளில் வாழும் நன்னீர் மீன். சேற்று உளுவையோ கடலோரத்து ஏற்றவற்றத்தை நம்பி வாழ்வது. வளை தோண்டிக் குடியிருப்பது. இரண்டுக்கும் காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல் உண்டு என்பதைத் தவிர வேறு உறவு இல்லை.

உயிரினங்களுக்கு இரு சொற்களாலான இலத்தீன் பெயர் சூட்டும் முறையைச் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் நிலைபெறச் செய்தார். விலங்குகளைப் பொறுத்தவரை, 1758ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் பத்தாம் பதிப்பே பெயர்களுக்கெல்லாம் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அந்நூலிலேயே சேற்று உளுவை ஒன்று இடம்பெற்றுவிட்டது. சீனத்திலிருந்து கிடைத்த அம்மீனின் பற்களின் அமைப்பைக் கண்டு, சீப்பு போன்ற முகத்தையுடையது என்ற பொருளில் பெக்டினிரோஸ்ட்ரிஸ் என்று அவர் பெயரிட்டார். 1766ஆம் ஆண்டு பதிப்பில் பார்பரஸ் என்ற மற்றொன்றையும் சேர்த்தார். அப்போது உளுவைகள் யாவும் கோபியஸ் என்ற ஒரே பேரினத்துள் அடக்கப்பட்டிருந்தன.

மலாய்த் தீவுக்கூட்டத்து மீன்களைப் பொறுத்தவரை முதன்மையான பங்கு பீட்டர் சைமன் பல்லாஸ் என்பவருக்கு உரியது. பெர்லினில் 1741ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையில் ஹாலந்து நாட்டில் சில ஆண்டுகள் தங்கி, அங்குள்ள செல்வர்களும் மருத்துவர்களும் சேர்த்து வைத்திருந்த உயிரினத் தொகுப்புகளை ஆராய்ந்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல்கள் மிளகையும் கிராம்பையும் மட்டும் சுமந்து செல்லவில்லை. சாராயப் புட்டிகளில் அடைத்த மீன்களையும் பாம்புகளையும் கொண்டு சென்றன. அத்தகைய தொகுப்பு ஒன்றை வைத்திருந்தவர் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் ஷ்லோசர்.

இந்த ஷ்லோசருக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இங்கே குறிப்பிடத்தக்கது. பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, மருத்துவமனையின் தலைவராக இருந்த ஹோமல் என்பவர், வாயிலிருந்து நீரைப் பீய்ச்சிப் பூச்சிகளை வீழ்த்தும் மீனைப் பற்றி எழுதி, மீனையும் அனுப்பி வைத்தார். 1764ஆம் ஆண்டு ஷ்லோசர் அச்செய்தியை இலண்டன் ராயல் கழகத்துக்குத் தெரிவித்தார். செய்தி உண்மையே, ஆனால் உடன் வந்த மீன் வேறு. நீண்ட மூக்குடைய வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று புட்டிக்குள் இருந்தது. நீர் பீய்ச்சும் வேலை அதற்குத் தெரியாது. பின்னர் உரிய மீன் வந்து சேர, அதனைப் பல்லாஸ் விவரித்தார். பழக்கத்தைக் கண்டவர் ஓரிடத்தில், உடலைக் கண்டவர் மற்றோரிடத்தில் என்றிருந்தால் அடையாளம் எவ்வளவு எளிதில் தவறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா. சேற்று உளுவையின் வரலாறும் ஏறக்குறைய இதே வழியில்தான் சென்றது.

1770ஆம் ஆண்டு பல்லாஸ் தம் நூல் வரிசையின் எட்டாம் பகுதியில் மூன்று சேற்று உளுவைகளை விவரித்தார். ஒன்றுக்கு ஷ்லோசரின் பெயரையும், இன்னொன்றுக்கு நண்பரான டச்சு மருத்துவர் போடார்ட்டின் பெயரையும், மூன்றாவதற்குக் கோல்ரூட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரையும் சூட்டினார். மலேசியச் சேற்றுக் கரைகளில் மிகப் பெரியதாக, ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் வரை வளரும் உளுவை இன்றும் ஷ்லோசரின் பெயராலேயே வழங்கப்படுகிறது. நீலப் புள்ளிகளோடு சேற்றை மேய்ந்து திரியும் மீன் போடார்ட்டின் பெயரைத் தாங்கியுள்ளது. ஹாலந்தின் குளிரில் வாழ்ந்த மருத்துவர்களின் பெயர்கள் கிள்ளான் கரையின் சேற்றில் ஓடிக்கொண்டிருப்பது வேடிக்கைதான்.

1801ஆம் ஆண்டு பெர்லின் மருத்துவர் ப்ளோக் எழுதி வைத்துச் சென்ற பெருநூலை ஷ்னைடர் என்பவர் முடித்து வெளியிட்டார். அந்நூலில்தான் சேற்று உளுவைகளுக்கெனப் பெரியோப்தால்மஸ் என்ற தனிப் பேரினம் தோன்றியது. சுற்றும் பார்க்கும் கண்ணையுடையது என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து. ப்ளோக்குக்குத் தமிழகத் தொடர்பும் உண்டு. தரங்கம்பாடியில் சமயப் பணியாற்றிய ஜான் என்னும் பாதிரியார் அக்கரை மீன்கள் பலவற்றை அவருக்கு அனுப்பி உதவினார். நன்றி பாராட்டி ப்ளோக் சில மீன்களுக்கு அவர் பெயரையே இட்டார். மலேசியச் சந்தைகளில் நல்ல விலைக்கு விற்கும் ஜெனாஹாக் மீனின் அறிவியற் பெயரில் உள்ள ‘ஜானி’ என்னும் சொல் அந்தத் தரங்கம்பாடிப் பாதிரியாரையே குறிக்கும்.

இதுவரை கண்டவர்கள் மீனைப் புட்டியில் கண்டவர்கள். அடுத்து வருபவர் ஆற்றங்கரையில் கண்டவர். ஸ்காட்லாந்து மருத்துவரான பிரான்சிஸ் புக்கானன், பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டவர், ஆங்கிலக் கும்பினியின் ஆணைப்படி 1807 முதல் 1814 வரை வங்காளத்தை அளந்தாய்ந்தார். அப்போது கங்கையிலும் அதன் கழிமுகத்திலும் பிடிபட்ட மீன்களை விவரித்தெழுதினார், ஓவியங்களும் வரைவித்தார். 1815ஆம் ஆண்டு தாயகம் திரும்ப முற்பட்டபோது, கவர்னர் ஜெனரல் அந்த ஓவியங்களைக் கொண்டு செல்ல இசையவில்லை. ஓவியங்கள் கல்கத்தாவிலேயே தங்கின. எடின்பரோவில் 1822ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலில் 269 இனங்கள் விவரிக்கப்பட்டன. சேற்று உளுவைகளுக்கு அவர் இட்ட பெயர்கள் விந்தையானவை: செப்டெம்ரேடியாட்டஸ், நோவெம்ரேடியாட்டஸ், டிரெடெசெம்ரேடியாட்டஸ். ஏழு கதிருடையது, ஒன்பது கதிருடையது, பதின்மூன்று கதிருடையது என்பன அவற்றின் பொருள். துடுப்பைத் தாங்கும் கதிர்களை எண்ணி வைத்த பெயர்கள் இவை. பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழையாமல் வரிசை எண் சொல்லி அழைப்பது போன்றதே இது. இதில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. முன் முதுகுத் துடுப்பின் கதிர்கள் ஓரினத்துக்குள்ளேயே மீனுக்கு மீன் கூடியும் குறைந்தும் அமைவன.

ஹாமில்டன் செய்த பணி பெரிது; ஆனால் அவர் விவரித்த மீன்களின் உடல்கள் எந்த அருங்காட்சியகத்திலும் சேமிக்கப்படவில்லை. ஓர் இனத்துக்குப் பெயரிடுபவர், அப்பெயர் எந்த மீனுக்கு உரியது என்று பிற்காலத்தார் சரிபார்க்கும் வண்ணம் ஒரு மூல மாதிரியை வைத்துச் செல்வது இன்றைய நெறி. அம்மாதிரி இல்லாவிட்டால், பெயர் மட்டும் காற்றில் நிற்கும். ஒன்பது கதிர் மீனுக்கு நேர்ந்தது அதுதான். அதன் விளைவு 187 ஆண்டுகள் கழித்தே தீர்ந்தது.

1837ஆம் ஆண்டு பாரிஸில் கூவியேயும் வலென்சியெனும் தொடங்கிய மீன் வரலாற்று நூலின் பன்னிரண்டாம் தொகுதி வெளிவந்தது. மேய்ந்துண்ணும் உளுவைகளை வலென்சியென் தனியே பிரித்துப் போலியோப்தால்மஸ் என்ற பேரினத்தை அமைத்தார். அப்பிரிவு சரியானது. அம்மீன்களின் கீழ்த்தாடைப் பற்கள் படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். தலையை இருபுறமும் ஆட்டிச் சேற்றின் மேலே படர்ந்துள்ள நுண்பாசியை அவை வழித்துண்ணும். பெரியோப்தால்மஸ் மீன்களோ பூச்சிகளையும் சிறு நண்டுகளையும் பிடித்துத் தின்பவை. பம்பாய்க் கரையிலிருந்து கப்பல் வணிகர் டுசூமியே கொண்டுவந்த மீன் ஒன்றுக்கு அவர் பெயரே இடப்பட்டது.

மலாயாவோடு நேரடித் தொடர்புடையவர் டேனிஷ் நாட்டில் பிறந்து ஆங்கிலக் கும்பினியில் மருத்துவராக அமர்ந்த தியோடர் கேன்டர். முதலாம் அபினிப் போரின்போது ஆங்கிலப் படையுடன் சீனத்தின் சூசான் தீவுக்குச் சென்ற இவர், போரின் இடையிலும் அத்தீவின் செடிகொடிகளையும் உயிர்களையும் குறித்து வைத்தார். அங்குக் கண்ட சிறு உளுவை ஒன்றுக்கு 1842ஆம் ஆண்டு மாடஸ்டஸ் என்று பெயரிட்டார். எளிமையானது என்பது அதன் பொருள். பின்னர்ப் பினாங்கில் பணியாற்றிய காலத்தில் மலாயா மீன்களின் விரிந்த பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். 1849ஆம் ஆண்டைச் சார்ந்த வங்காள ஆசியக் கழக இதழில் அது வெளிவந்தது. மருத்துவமனைக் கடமைக்கிடையே சந்தைகளில் கிடைத்த மீன்களை ஆராய்ந்த இத்தகையோரின் ஊக்கம் போற்றத்தக்கது.

அதே காலத்தில் டச்சுப் படை மருத்துவர் பீட்டர் பிளீக்கர் கிழக்கிந்தியத் தீவுகளில் 1842 முதல் 1860 வரை தங்கி, தீவுக்கூட்டத்து மீன்களைப் பற்றி 500க்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். மலேசிய, சிங்கப்பூர்க் கரைகளில் அலையின் விளிம்பை ஒட்டிக் கூட்டமாகத் திரியும் பொன்புள்ளி உளுவைக்கு 1853ஆம் ஆண்டு கிரைசோஸ்பைலோஸ் என்று பெயரிட்டவர் இவரே. பொன்னிறப் புள்ளியுடையது என்னும் அப்பெயர் எல்லாப் பெயர்களிலும் பொருத்தமானது எனலாம். உயிருடன் உள்ள மீனைக் கண்டவருக்கே இத்தகைய பெயர் தோன்றும்.

இவ்வாறு பலரும் பல பெயர்களை வழங்கிய பின், குழப்பம் தோன்றியது. 1861ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மீன் பட்டியலைத் தயாரித்த ஆல்பர்ட் குந்தர், பெரியோப்தால்மஸ் இனங்கள் பலவற்றையும் கோல்ரூட்டரின் பெயரின்கீழ் வெறும் வேறுபாட்டு வடிவங்களாகச் சேர்த்துவிட்டார். சென்னைப் படையில் மருத்துவராக இருந்து இந்திய மீன்வளத் துறையின் தலைமை ஆய்வாளராக உயர்ந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட புகழ்பெற்ற இந்திய மீன்கள் நூலிலும் அப்பெயரை ஏற்றுக்கொண்டார். இதனால் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள்வரை ஒரே உளுவை வாழ்வதாக ஒரு தோற்றம் ஏற்பட்டது. இன்றோ கோல்ரூட்டரின் பெயர் தனியினத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படுவதில்லை. லின்னேயஸ் முன்னரே பெயரிட்ட ஆப்பிரிக்கக் கரைப் பார்பரஸின் மறுபெயராகவே அது கருதப்படுகிறது.

இத்தகைய அறிஞர்கள் ஏன் தடுமாறினர்? அவர்களைக் குறை கூறுவதில் நியாயம் இல்லை. சாராயத்தில் சில திங்கள் ஊறிய மீனின் வண்ணம் மறைந்துவிடும். பொற்புள்ளியும் நீலப் புள்ளியும் முதுகுத் துடுப்பின் செங்கரையும் போய், எல்லா மீன்களும் ஒரே பழுப்பு நிறமாகும். உயிருள்ள மீனோ துடுப்பை விரித்து உயர்த்தி, தன் இனத்தாருக்குத் தன்னை அறிவித்துக்கொள்கிறது. ஆணின் துடுப்பு வேறு, பெண்ணின் துடுப்பு வேறு. குஞ்சின் தோற்றம் வேறு. இவற்றோடு, அம்மீன் கரையின் எந்தப் பகுதியில் வளை தோண்டியிருந்தது என்ற செய்தியும் புட்டிக்குள் வருவதில்லை. கிழக்கிந்தியத் தீவுகள் என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொண்டு யார்தான் என்ன செய்ய முடியும்?

இருபதாம் நூற்றாண்டில் அலை மறுபக்கம் திரும்பியது. எக்கர்ட் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் 1929ஆம் ஆண்டிலும் 1935ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களில் சேற்று உளுவைகளைப் பல இனங்களாகவும் உள்ளினங்களாகவும் பிரித்தார். நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டரே வளரும் மெல்லிய கிராசிலிஸ், வேரியாபிலிஸ் முதலிய பெயர்கள் அவர் தந்தவை. மாறும் இயல்புடையது என்பது வேரியாபிலிஸ் என்பதன் பொருள். குந்தர் அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தார் என்றால், எக்கர்ட் அளவுக்கு மிஞ்சிப் பிரித்தார். இரண்டிலும் உண்மை பாதியே இருந்தது.

பெயரில் என்ன இருக்கிறது, மீன் மீன்தானே என்று கேட்போரும் உண்டு. பெயர் பிழைத்தால் அறிவும் பிழைக்கும் என்பதற்கு இரு சான்றுகள் போதும். ஜப்பானில் மீனின் சுவாசம், உடலியல் பற்றிப் பல்லாண்டுகள் நடந்த ஆராய்ச்சிகள், சீனத்துக் காண்டன் நகரின் பெயரைத் தாங்கிய கான்டோனென்சிஸ் என்ற பெயரின்கீழ் அச்சாயின. அந்த மீன் உண்மையில் கேன்டர் சூசானில் பெயரிட்ட மாடஸ்டஸ் ஆகும். இன்னொன்று, குவைத் கரையில் உளுவைகள் சேற்றால் சிறு வரப்புகள் எழுப்பி, ஐங்கோண வடிவில் தத்தம் எல்லையை வகுத்துக்கொள்வதைப் பற்றி 1982ஆம் ஆண்டு வெளிவந்த அரிய ஆய்வு. அக்கட்டுரை அம்மீனைப் போடார்ட்டியின் மீன் என்றது. பாரசீக வளைகுடாவில் வாழ்வது டுசூமியேயின் மீன் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சிங்கப்பூரில் அதே பெயரால் ஆராயப்பட்டதோ உண்மையான போடார்ட்டி. இரண்டையும் ஒரே மீன் என்று எண்ணி, ஓரிடத்து முடிவை மற்றோரிடத்து மீனுக்கு ஏற்றியுரைத்தால் விளையும் பிழையை எளிதில் உணரலாம்.

இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தவர் அமெரிக்க மீனியலாளர் எட்வர்ட் மர்டி. உலக அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடந்த மாதிரிகளை ஒப்பிட்டு 1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் வெளியீடாக ஒரு பெருநூலைத் தந்தார். பெயர்களுள் முதலில் இடப்பட்டதே செல்லும் என்ற முந்துபெயர் விதியின்படி பழைய பெயர்களை நிறுத்தி, மிகுதியானவற்றை விலக்கினார். மேல்தாடையில் பல் வரிசை ஒன்றா இரண்டா, இடுப்புத் துடுப்புகள் இரண்டும் இணைந்து வட்டமாக உள்ளனவா பிரிந்து நிற்கின்றனவா, தாடையின் கீழ்ச் சிறு மீசைகள் உண்டா என்பன போன்ற அடையாளங்களால் இனங்களை அறியும் வழியை வகுத்தார். ஷ்லோசரின் மீனுக்கு மேல்தாடையில் இரு பல் வரிசைகள். பெரியோப்தால்மஸ் மீன்களுக்கு ஒன்றே. பொன்புள்ளி உளுவையின் இடுப்புத் துடுப்புகள் ஒன்றிணைந்து வட்டமாகும்; கிராசிலிஸுக்கு அவை தனித்தனி. இன்று சேற்று உளுவையை ஆராய்பவர் எவரும் இந்நூலைத் தொடாமல் செல்வதில்லை.

மர்டியின் நூல் வந்த பின்னர்ப் பார்வை புட்டியை விட்டுக் கரைக்கும் வளைக்கும் திரும்பியது. அவ்வகையில் பினாங்கு சிறப்பிடம் பெறுகிறது. ஜப்பானிய ஆய்வாளர் இஷிமாட்சு, தகிதா முதலியோர் மலேசிய அறிவியலாளரோடு சேர்ந்து ஷ்லோசரின் மீன் தோண்டும் வளைகளை ஆராய்ந்தனர். சேற்றின் உள்ளே உள்ள நீரில் உயிர்வளி மிகக் குறைவு. அத்தகைய வளைக்குள் மீன் எவ்வாறு மூச்சுவிடும், அதன் முட்டை எவ்வாறு பிழைக்கும் என்பதே அவர்களுக்கிருந்த புதிர். மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை விழுங்கி, வளைக்குள் சென்று உமிழ்ந்து, அறையின் கூரையில் காற்றைச் சேமிக்கிறது என்று 1998ஆம் ஆண்டு நேச்சர் இதழில் அவர்கள் அறிவித்தனர். குடத்தில் நீர் சுமந்து வீட்டை நிரப்புவது மனிதர் வழக்கம். இது வாயில் காற்றைச் சுமந்து நீருக்குள் இருக்கும் வீட்டை நிரப்புகிறது.

2007ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் இதனினும் வியப்பான செய்தி தெரிய வந்தது. ஜப்பானில் வாழும் மாடஸ்டஸ், காற்றுள்ள அறையின் கூரையில் முட்டைகளை ஒட்டுகிறது. காவல் காக்கும் தந்தை மீன், முட்டை முதிர்ந்த பின் ஏற்றம் வரும் இரவில், அந்தக் காற்றை வாயால் அள்ளி வெளியேற்றுகிறது. அறைக்குள் கடல்நீர் புக, முட்டைகள் பொரிக்கின்றன. கேன்டர் போர்க்களத்தருகே கண்டு எளிமையானது என்று பெயரிட்ட மீனுக்கு இத்தனை நுட்பம் உண்டு என்று அவர் அறிந்திருக்க வழியில்லை.

சிங்கப்பூர் ஆய்வாளரின் பங்கும் குறைந்ததன்று. ஷ்லோசரின் மீன் தன் உடலில் சேரும் அம்மோனியா நஞ்சைச் செவுள் வழியாக வலிந்து வெளியேற்றும் திறனுடையது என்பது 1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் நிறுவப்பட்டது. நீர் மாறாத சிறு வளைக்குள் அடைபட்டு வாழும் மீனுக்கு இத்திறன் இன்றியமையாதது.

சிலாங்கூர்க் கரையில் போல்கர் என்னும் இத்தாலிய ஆய்வாளர் செய்த பணி, அடையாளம் காணும் கலைக்கே புது வழி காட்டிற்று எனலாம். 2009ஆம் ஆண்டு வெளியான அவர்தம் ஆய்வு, ஏழு வகை உளுவைகளும் ஒரே கரையில் கலந்து வாழவில்லை என்பதைக் காட்டியது. கடலை நோக்கிய மென்சேறு ஒன்றுக்கு, ஓடைக் கரை ஒன்றுக்கு, மரங்களுக்கு உட்புறமுள்ள மேட்டுத் தரை ஒன்றுக்கு என இடம் பிரித்துக்கொண்டு அவை வாழ்கின்றன. சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. நிலத்தைக் கொண்டு வாழ்வையும், வாழ்வைக் கொண்டு நிலத்தையும் அறியும் திணைப் பாகுபாடு தமிழருடையது. மேனாட்டார் புட்டியைப் பார்த்துத் தடுமாறிய இடத்தில், வளை அமைந்த மண்ணே மீனின் அடையாளத்துக்கு ஒரு சான்றாகி நிற்கிறது.

இதற்குள் புதிய இனங்களும் வெளிப்பட்டன. 1999ஆம் ஆண்டு மர்டியும் தகிதாவும் சுமத்ராவிலிருந்து ஸ்பைலோட்டஸ் என்ற ஒன்றை அறிவித்தனர். 2002ஆம் ஆண்டு தாய்லாந்து ஆய்வாளர்கள் வலைலக்கே என்ற இனத்துக்குப் பெயரிட்டனர். நான்கே ஆண்டுகளில், 2006இல், அது சிங்கப்பூரிலும் வாழ்வது உறுதியாயிற்று. நகரமே சூழ்ந்துள்ள ஒரு சிறு தீவின் கரையில், பெரியோப்தால்மஸ் இனங்களுள் பெரியதான ஒன்று, இத்தனை காலம் உரிய பெயரின்றி உலவியிருக்கிறது.

எஞ்சியது ஹாமில்டனின் ஒன்பது கதிர் மீன். எக்கர்ட் பெயரிட்ட வேரியாபிலிஸ் தனியினம் அன்று, ஹாமில்டனின் நோவெம்ரேடியாட்டஸே அது என்று மர்டி 1989ஆம் ஆண்டு முடிவு செய்திருந்தார். எனவே மலேசிய, சிங்கப்பூர்க் கரைகளின் சிறு உளுவை கங்கைக் கழிமுகத்து மீனின் பெயரால் அழைக்கப்பட்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த ஜீஹான் ஜாஃபார், சௌ லோக் மிங் ஆகியோரும் அவர்தம் துணை ஆய்வாளரும் இரு பகுதி மீன்களையும் ஒப்பிட்டு நோக்கினர். இரண்டும் வெவ்வேறு இனங்களே என்று 2009ஆம் ஆண்டு நிறுவினர். வங்கக் கடல் சார்ந்த மீனுக்கு ஹாமில்டனின் பெயர் நிலைத்தது. தென்கிழக்காசியக் கரை மீனுக்கு எக்கர்ட்டின் பெயர் மீண்டும் உயிர் பெற்றது. அளவுக்கு மிஞ்சிப் பிரித்தவர் என்று குறை கூறப்பட்ட எக்கர்ட், இந்த ஒன்றில் சரியாகவே கண்டிருந்தார்.

இவ்வளவையும் உறுதிசெய்ய உயிருள்ள மீன்கள் வேண்டும். அவை வளை தோண்ட மென்சேறு வேண்டும். சிங்கப்பூரில் பாக்காவ்க் காடுகளின் பெரும்பகுதி துறைமுகத்துக்கும் வீடுகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் நிலம் சீர்செய்ததில் மறைந்தது. மலேசியாவில் கரையோரக் காடுகள் இறால் குட்டைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடங்கொடுத்தன. பேரா மாநிலத்தின் மாத்தாங் காடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் முறையான பராமரிப்பில் உள்ளது. சிலாங்கூரில் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா 1987இல் ஏற்பட்டது. சிங்கப்பூரின் சுங்கை பூலோ 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாயிற்று. அங்கு மரப்பலகை நடைபாதையில் நின்று, வற்றக் காலத்தில் கீழே நோக்கினால், ஷ்லோசரின் பெரிய மீன் தன் வளையின் வாயிலில் நீர்க்குட்டை அமைத்து அமர்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

2014ஆம் ஆண்டு சீன ஆய்வாளர் முன்னின்று நடத்திய குழு, நான்கு சேற்று உளுவைகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டது. லின்னேயஸின் பெக்டினிரோஸ்ட்ரிஸும், பல்லாஸின் ஷ்லோசரியும் அந்நான்கில் அடங்கும். அதற்கு முந்திய ஆண்டு, பாப்புவா வளைகுடாவின் சேற்றிலிருந்து போலியோப்தால்மஸ் பேரினத்தின் புதிய இனம் ஒன்றைப் போல்கரும் ஜாஃபாரும் மற்றோர் அறிஞரும் கூடி விவரித்தனர். போடி என்று பெயர் பெற்ற அம்மீனின் விவரணம், அப்பேரினத்து மீன்கள் அனைத்தையும் பிரித்தறியும் வழிகாட்டியுடன் சிங்கப்பூரின் ராபிள்ஸ் விலங்கியல் இதழில் வெளிவந்தது.